சினை ஊசிக்காரி கட்டிய கட்டு

இருதயமேரிக்கு மனுஷர்கள் மேல் பெரிதாக மதிப்பு எதுவும் கிடையாது. மாடுகள் மேல் உண்டு. இருபது வருஷமாகக் கோட்டுச்சேரிக்கும் வரிச்சிக்குடிக்கும் நடுவே ஸ்கூட்டியில் அலைந்து, கொட்டகை கொட்டகையாக நுழைந்து, மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள் அவள். தோள்வரை நீளும் பிளாஸ்டிக் உறையை இடது கையில் மாட்டிக்கொண்டு, அந்தக் கையை மாட்டின் பின்புறம் வழியாக உள்ளே விட்டு, கருப்பையைத் தடவிப் பிடித்து, வலது கையால் மெல்லிய கம்பியைச் செலுத்த வேண்டும். மாடு இதற்கெல்லாம் ஒரு தடவை வாலைச் சுழற்றும், பிறகு பேசாமல் அசைபோடும். பக்கத்தில் நிற்கும் மனுஷன்தான் இளிப்பான்.

இளிக்கிறதுக்கு இதுல என்னடா இருக்கு, உங்க ஆத்தா உன்னை எப்படிப் பெத்தாளாம் என்று கேட்க ஆரம்ப வருஷங்களில் அவளுக்கு நாக்கு துறுதுறுக்கும். பிறகு அதையும் விட்டுவிட்டாள். கேட்டால் பதில் சொல்வான். அந்தப் பதிலையும் நின்று கேட்டுத் தொலைக்க வேண்டும்.

வீட்டுக்காரன் கிளாட்வின் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கால்நடைத் துறையில..." என்று மென்று விழுங்குவான். அவள் எந்தத் துறையிலும் இல்லை. முறையாகப் பயிற்சி முடித்து, சொந்தமாகத் தொழில் செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது அவள் கைப்பக்கம் மூக்கைக் கொண்டுபோய் லேசாக மோந்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவான். சோப்பு வாசனையைத் தவிர அந்தக் கையில் வேறெதுவும் என்றைக்கும் இருந்ததில்லை. "மோந்து பாக்குற மூக்கை முதல்ல கழுவுங்க" என்று ஒருநாள் சொன்னாள். மூன்று நாள் பேசாமல் இருந்தான். அந்த மூன்று நாளும் வீடு நன்றாக இருந்தது.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவன் வரிச்சிக்குடி நீலமேகம். அவளுக்கு 'சினையூசி' என்று பேர் வைத்த மகான் அவன்தான். ஐம்பத்தைந்து வயது, ஆறேழு ஏக்கர் வரும் ஒரு வேலி நிலம், நாலு கலப்பின மாடு, சட்டைப் பையில் இரண்டு செல்போன். மாடு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தால் கால் மணிக்கொரு தடவை போன் பண்ணுவான். அவள் அடித்துப் பிடித்து வந்து இறங்கினதும், எதிர் டீக்கடையிலிருந்து நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, "டேய், நம்ம பட்டிக்குக் காளை வந்துடுச்சுடோய்!" என்பான். அந்த நாலு பேரும் இப்போதுதான் புதுசாகக் கேட்ட மாதிரி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். பத்து வருஷமாக அதே வசனம், அதே சிரிப்பு. அவன் பெண்சாதி பவுனம்மாள் மட்டும் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நிற்பாள். வேலை முடிந்ததும் தண்ணீரும் சோப்பும் எடுத்து வைப்பாள். பேச மாட்டாள்.

போன வருஷம் நீலமேகம் வைக்கோல் கட்டும் மிஷின் ஒன்று வாங்கினான். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்தால், அறுத்துப் போட்ட வயலில் கிடக்கும் வைக்கோலை வாரி, உருளைகளுக்கு நடுவே சுருட்டி, கயிறு சுற்றிப் பின்பக்கமாக உருட்டித் தள்ளும். உருளைகளுக்கு முன்னால் ஒரு தகரத் தடுப்பு வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். வைக்கோல் அதில் போய் அடைக்கிறது, வேலை இழுக்கிறது என்று முதல் வாரமே அதைக் கழற்றி மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் சாய்த்துவிட்டான். மிஷின் செய்து அனுப்பினவனைவிடத் தனக்கு விவரம் அதிகம் என்பது அவன் எண்ணம். டிரைவர் நாகராஜ், "தடுப்பு இருக்கட்டுமேங்க" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "பயமா இருந்தா சேலை கட்டிக்கடா" என்று பதில் வந்தது. அதற்கும் டீக்கடை சிரித்தது.

ரத்தத்தைப் பற்றி இருதயமேரிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மாட்டிடம் கற்றதுதான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், கோட்டுச்சேரி ரோட்டில் ஒரு ஜெர்சி மாட்டை லாரி இடித்துவிட்டுப் போய்விட்டது. முன்னங்காலில் ரத்தக்குழாய் அறுந்து ரத்தம் பீச்சி அடித்தது. சுற்றி முப்பது பேர் நின்றார்கள். முப்பது பேரும் உச்சுக்கொட்டினார்கள். அவள் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் திருநள்ளாறு பக்கம் எங்கேயோ இருந்தார்.

"முதல்ல துணியை வெச்சு அழுத்திப் பாரும்மா," என்றார். "கேக்கலேன்னா காயத்துக்கு மேல கட்டு. கயிறு வேணாம், அறுத்துடும். அகலமா மடிச்ச துணி. அதுல ஒரு குச்சியைச் சொருகி முறுக்கு. ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கு. நின்னப்புறம் நான் வர்ற வரைக்கும் எவன் சொன்னாலும் அவிழ்க்காதே."

முக்கால் மணி நேரம் தார் ரோட்டில் முட்டி போட்டு, குச்சியைப் பிடித்தபடி கிடந்தாள். மாடு பிழைத்தது. அதற்குப் பிறகு மூன்று கன்று போட்டது. "மனுஷனுக்கும் இதேதாம்மா," என்று டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார். "மனுஷனுக்கு எவன் சார் முட்டி போடுவான்?" என்று அவள் சிரித்தாள்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி தாண்டியிருக்கும். வரிச்சிக்குடியில் ஒரு வீட்டு மாட்டைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எதிர் வயலில் நீலமேகத்தின் மிஷின் ஓடும் சத்தம் சட்டென்று நின்றது. நாகராஜ் கத்தும் சத்தம் கேட்டது. வார்த்தை புரியவில்லை. ஆனால் மனுஷன் அப்படிக் கத்த ஒரே காரணம்தான் இருக்க முடியும். பையோடு வரப்பில் இறங்கி ஓடினாள்.

நடந்தது இதுதான். உருளையில் வைக்கோல் அடைத்துக்கொண்டது. நாகராஜ் எஞ்சினை அணைக்கப் போனபோது, "ஓடட்டும்டா, ஒரு இழு இழுத்தா வந்துடும்" என்று நீலமேகம் கையை விட்டான். உருளை வைக்கோலோடு சேர்த்து அவன் கையையும் வாரிக்கொண்டது. நாகராஜ் எஞ்சினை அணைத்து, உருளையைத் தளர்த்தி ஆளை வெளியே இழுத்துப் போட்டிருந்தான். வலது முழங்கைக்குக் கீழே, கை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தோலும் எலும்பும் சட்டைத் துணியும் வைக்கோலும் ஒன்றாகக் கசங்கியிருந்தன. அதற்கு நடுவிலிருந்து ரத்தம் துடித்துத் துடித்துப் பீச்சியது.

அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். டீக்கடைக்காரர் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நின்றார். ஒருவன் தண்ணீர் கொடுக்கச் சொன்னான். மூன்று பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ரிட்டயரான வாத்தியார் ஆனந்தராஜ், "கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்!" என்று கத்தினார். கூட்டத்திலேயே அடிபட்ட ஆளுக்கு ரொம்பக் கிட்டத்தில் நின்றது அவர்தான். முதலுதவிப் பயிற்சி முடித்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பவர் அவர். கீழே கிடந்தவனை அவர் ஒரு விரலாலும் தொடவில்லை.

இருதயமேரி ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கிடப்பது யார் என்று பார்த்தாள். நின்றாள்.

மூன்று மூச்சு நேரம் இருக்கும். 'இளிடா இப்போ' என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. குரல் அவளுடையதுதான், வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. அவன் கண் அவளைப் பார்த்தது. வாய் கோணியிருந்தது. ரத்தம் இன்னொரு தடவை பீச்சி, அறுத்த நெல் தாளில் தெறித்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். செல்போனைத் தூக்கிப் பிடித்த மூன்று பேருக்கும் தனக்கும் அந்த நேரத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று அவளுக்கு உறைத்தது.

பையைத் திறந்து புதுசாக இரண்டு உறைகளை உருவி மாட்டினாள். "ஐயய்ய, மாட்டுக்குள்ள வுடுற உறை" என்று யாரோ முகம் சுளித்தார்கள். அவள் பையிலிருந்த கை துடைக்கும் துண்டைச் சுருட்டிக் காயத்துக்குள் அடைத்து, இரண்டு கையாலும் உடம்பு பாரம் முழுக்கப் போட்டு அழுத்தினாள். துண்டு நிமிஷத்தில் ஊறி, விரலிடுக்கில் வழிந்தது. இது அழுத்தி நிற்கிற ரத்தம் இல்லை.

"நாகராஜு, தலைத்துண்டைக் குடு. ஸ்பேனர் ஒண்ணு எடு. பெருசா."

அவன் கொடுத்தான். துண்டை நாலு விரல் அகலத்துக்கு மடித்து, முழங்கைக்கு மேலே இறுக்கிச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். அதன்மேல் ஸ்பேனரை வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டு, முறுக்கினாள். நீலமேகம் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டான்.

"விடுடி! உயிர் போவுதுடி!"

"போகாம இருக்கத்தான் கட்டுறேன். கையை ஆட்டாதே நீலமேகம். ஆட்டினே, இங்கேயே செத்துப் போவே."

கூட்டம் ஒரு கணம் ரத்தத்தை மறந்துவிட்டது. "பேரைச் சொல்றா பாரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு ஆள் கண்முன்னால் வடிந்துகொண்டிருக்கும்போது இவர்களுக்குக் காதில் விழுந்தது அதுதான். அவள் இன்னொரு சுற்று முறுக்கினாள். இன்னொன்று. பீச்சுவது சொட்டாக மாறியது. சொட்டும் நின்றது. ஸ்பேனர் திரும்பிவிடாமல் துண்டு நுனியால் கட்டினாள். மாட்டின் காது வில்லையில் எழுதும் பேனாவை எடுத்து, கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, கட்டின நேரத்தை அவன் நெற்றியில் '10.25' என்று பெரிதாக எழுதினாள்.

பவுனம்மாள் அப்போதுதான் கொல்லையிலிருந்து ஓடி வந்தாள். புருஷன் கையைப் பார்த்தாள். அலறவில்லை. "நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். அந்தக் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

"போத்த எதாச்சும் எடுத்துட்டு வாங்க, உடம்பு சில்லுன்னு ஆவுது. தண்ணி ஒரு சொட்டு குடுக்க விடாதீங்க, ஆபரேஷன் இருக்கும்."

ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது என்றான் ஒருவன். யார் சொன்னது என்று கேட்டால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வைக்கோல் ஏற்ற வந்த குட்டி யானை வண்டி ஒன்று ரோட்டோரம் நின்றது. நாகராஜ் ஏறிக் கட்டுகளை உதைத்துத் தள்ளினான். ஆளைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். இருதயமேரி தலைமாட்டில் உட்கார்ந்து ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டாள். பவுனம்மாள் போர்வையைப் போட்டு, கால் இரண்டையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் கூப்பிடாமலே ஆனந்தராஜும் ஏறிக்கொண்டார்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. அவர் கை ஸ்பேனர் பக்கம் நீண்டது. "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தளர்த்தணும்மா. இல்லேன்னா கை அழுகிடும். நான் படிச்சவன்."

"எப்போ படிச்சீங்க?"

"எண்பத்தொன்பதுல."

"அதுக்கப்புறம் அந்தப் புஸ்தகத்தைத் திறந்தீங்களா?"

"மாட்டுக்கு ஊசி போடுறவ எனக்குப் பாடம் நடத்துறியா?" என்று மறுபடி கையை நீட்டினார். அவள் உறை போட்ட கையால் அந்தக் கையை ஓங்கித் தட்டினாள். வாத்தியாரின் வெள்ளைச் சட்டைக் கையில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன.

"கை அழுக மணிக்கணக்கா ஆவும். அவிழ்த்தா அஞ்சு நிமிஷத்துல ஆளு போயிடுவான். இன்னொரு தடவை தொட்டீங்க, வண்டியிலேருந்து தள்ளிடுவேன்."

அவர் சட்டையைத் துடைப்பதில் மும்முரமாகிவிட்டார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் மஹ்பூபா என்ற நர்ஸ் இருந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். அவர் பதறவில்லை, யாரையும் அதட்டவும் இல்லை. நெற்றியில் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். ஸ்பேனரைப் பார்த்தார். இரண்டு பேரை அழைத்து, இரண்டு இடத்தில் ஊசி ஏற்றச் சொல்லி, ரத்தத்துக்கு ஆள் அனுப்பி, டாக்டரை வரவழைத்த பிறகுதான் திரும்பினார்.

"யாரு கட்டினது?"

"நான் முதலுதவிப் பயிற்சி எடுத்தவன்..." என்று ஆனந்தராஜ் ஆரம்பித்தார்.

"நான்தாங்க," என்றாள் இருதயமேரி.

"எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரி இல்லீங்க. மாட்டுக்குச் சினை ஊசி போடுறேன்."

சொல்லிவிட்டு, வழக்கமான இளிப்புக்காகக் காத்திருந்தாள். மஹ்பூபா இளிக்கவில்லை. "இடையில அவிழ்க்காமக் கொண்டாந்தீங்க பாருங்க, அதான் ஆள் இருக்கார். படிச்சவங்களே வழியில அவிழ்த்துடுவாங்க," என்றார்.

இருதயமேரிக்கு அங்கிருந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் வாய் தானாகப் பேசியது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கட்டியிருக்கலாம். நின்னுட்டேன்."

"பயந்துட்டீங்களா?"

"இல்லீங்க. பயம் இல்ல."

மஹ்பூபா அவள் கையைப் பார்த்தார். "குழாய் அந்தப் பக்கம் இருக்கு. உறையெல்லாம் தோள் வரைக்கும் ரத்தம். கழுவிட்டு டீ குடிச்சுட்டுப் போங்க."

நீலமேகம் பிழைத்தான். நசுங்கிப்போன கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. மிஷினிலேயே கை போய்விட்டது, கட்டு இல்லாவிட்டால் ஆளும் போயிருப்பார் என்று டாக்டர் பவுனம்மாளிடம் தெளிவாகவே சொன்னார். நீலமேகமும் கட்டிலில் படுத்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

ஊருக்கு வந்த பிறகு அவன் சொன்னது வேறு. "மாட்டு உறையைப் போட்டுக்கிட்டுத் தொட்டாய்யா. அந்த அசிங்கம் ஏறித்தான் கை போச்சு." டீக்கடையில் தலையாட்டினார்கள். எல்லாரும் அன்றைக்கு அங்கே நின்றவர்கள்தான், உறையைப் பாக்கெட்டிலிருந்து பிரித்ததைப் பார்த்தவர்கள்தான். ஆனாலும் ஆட்டினார்கள். ஆனால் கை போனதுகூட அவனுக்கு இரண்டாம் பட்சம். நெஞ்சில் குத்தி நின்றது வேறு. "என்னைப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. என் வயல்ல நின்னு, என் ஆளுங்க முன்னாடி, 'நீ'ன்னா." இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் நிஜமாகவே தழுதழுக்கும்.

அடுத்த மாதம் ஒரு சங்கத்தார் ஆனந்தராஜுக்குச் சால்வை போட்டார்கள். தக்க சமயத்தில் முதலுதவி செய்து உயிர் காத்த ஆசிரியர் என்று பேனர். அவர் மேடையில் அரை மணி நேரம் பேசினார். கட்டைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தளர்த்த வேண்டும் என்பதை மறக்காமல் சொன்னார். கூட்டம் கைதட்டியது. இருதயமேரிக்கு அதைக் கேள்விப்பட்டபோது கோபம் வரவில்லை. அந்தக் கைதட்டினவர்களில் எவன் கை எந்த மிஷினில் மாட்டப் போகிறதோ என்றுதான் தோன்றியது.

கிளாட்வின் முதல் நாள், "உனக்கு எதுக்கு இந்த வேலை, அந்தாளு செத்துக்கித்துப் போயிருந்தா போலீசு கேசுன்னு யாரு அலையறது?" என்றான். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், "என் வீட்டம்மா ஒரு உயிரையே காப்பாத்தியிருக்காங்க, கால்நடைத் துறையில இருக்காங்கள்ல," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

உறைக்கதையை மறுத்து அவள் எங்கும் பேசவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "இவங்ககிட்ட நல்ல பேர் வாங்கி என்ன பண்ண?" என்றாள். அதுவும் உண்மைதான். முழு உண்மை இல்லை. அந்த மூன்று மூச்சு நேரத்தை நினைத்தால், வேறு வகையில் ஒரு திட்டு தனக்கு வர வேண்டியதுதான் என்று பட்டது. தப்பான திட்டாக வந்துவிட்டது, அவ்வளவுதான்.

புரட்டாசியில் குறுவை அறுவடை தொடங்கியபோது பவுனம்மாளிடமிருந்து போன் வந்தது. மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது, வர முடியுமா என்றாள். மனுஷர்கள் மேல் உள்ள வெறுப்பை மாட்டிடம் காட்டுகிற வழக்கம் இருதயமேரிக்கு இல்லை. போனாள்.

கொட்டகைக்கு வெளியே மிஷின் நின்றது. நாகராஜ் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். உருளைகள் பழையபடி திறந்து கிடந்தன. தடுப்புத் தகரத்தின் மேல் பவுனம்மாளின் வறட்டி காய்ந்துகொண்டிருந்தது. நீலமேகம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஒரு கை போனதில் அந்த ஆள் கற்றுக்கொண்டது இடது கையால் பீடி பற்றவைக்கிற வித்தை ஒன்றைத்தான் போலிருந்தது.

"வந்துட்டா சினையூசி," என்றான். டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவன் மட்டும் சிரித்தான்.

அவள் வேலையை முடித்தாள். பவுனம்மாள் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தாள். இந்தத் தடவை போகாமல் நின்றாள்.

"அந்தக் கட்டு... எனக்குச் சொல்லிக் குடுங்க. நாளன்னிக்கு மிஷின் வயல்ல இறங்குது."

"தகரத்தை மாட்டச் சொல்லுங்க. கட்டே வேணாம்."

"சொன்னேன். அடைக்குமாம்."

இருதயமேரி கையைத் துடைத்துக்கொண்டாள். "யார் கையில கட்டிக் காட்டுறது?"

பவுனம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இங்க வாங்க. கையை நீட்டுங்க."

நீலமேகம் இரண்டு பொம்பளைகளையும் மாறி மாறிப் பார்த்தான். என்ன நினைத்தானோ, பீடியைக் கீழே போட்டுவிட்டு வந்தான். இருந்த ஒரு கையை நீட்டினான். பவுனம்மாள் துண்டை மடித்தாள். அகலம் பத்தவில்லை என்றாள் இருதயமேரி. பிரித்து மறுபடி மடித்தாள். முழங்கைக்கு மேலே சுற்றி, முடிச்சுப் போட்டு, அடுப்படியிலிருந்து எடுத்து வந்த தோசைக் கரண்டியைச் சொருகி முறுக்கினாள்.

"இன்னும்."

முறுக்கினாள்.

"வலிக்குதுடி," என்றான் நீலமேகம்.

"மணிக்கட்டுல நாடி பாருங்க. அடிக்குதா? அப்போ பத்தாது. இன்னும்."

பவுனம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்று முறுக்கினாள். விரலை மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடிக் கவனித்தாள். "நின்னுடுச்சு," என்றாள்.

"அதான் அளவு. இப்போ பழகுறதுக்குத்தான், உடனே அவிழ்த்துடுங்க. நெசமா நடந்தா ஆஸ்பத்திரி வரைக்கும் எவன் சொன்னாலும் அவிழ்க்கக் கூடாது."

பவுனம்மாள் அவிழ்த்தாள். நீலமேகம் கையை உதறிக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பப் பார்த்தான்.

"இருங்க," என்றாள் பவுனம்மாள், துண்டை மறுபடி மடித்தபடி. "இன்னொரு தடவை கட்டிப் பாத்துடுறேன்."